மூன்று கும்மட்டத்து வாசலில் தொங்கிய துண்டு

துனிஸ், பழைய நகரம்,
எண்ணெய்க்காரர் சந்து.
செவ்வாய்க்கிழமை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய என் மூத்த சகோதரி மன்னூபியா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் இளைய சகோதரன் ஷாதிலி ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி ஜலீலாவும் மகள் யமீனாவும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நலம் என்றால் மூன்று பேரும் மூச்சு விடுகிறோம் என்று பொருள். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறோம் என்று பொருள் அல்ல. அங்கு ஸூஸ் நகரில் தாங்களும், மச்சானும், மச்சானின் சர்க்கரை வியாதியும், தங்கள் பால்கனிக்கு வருகிற கடற்காற்றும் குறைவின்றி இருக்க துஆ செய்கிறேன்.

நிற்க. தங்கள் அருமை மகன் ரவூஃப் எங்கள் சந்தில் இருந்த முன்னூறு வருஷத்து நகாஷ் ஹம்மாமை, நாம் குளித்து வளர்ந்த அந்தப் பொதுக் குளியல் கூடத்தை, வாடகைக்கு எடுத்து, அதைச் சாப்பாட்டுக் கடையாக்கி, ‘மூன்று கும்மட்டம்’ என்று பிரெஞ்சில் பலகை மாட்டி மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதமும் தாங்கள் வாரம் தவறாமல் போன் செய்து, “தாய்மாமன்னு ஒருத்தன் அதே சந்துல இருக்கான், ஒரு நாள் எட்டிப் பாத்தானா?” என்று கேட்டு வந்தீர்கள். நானும் ஒரு வாரம் முட்டி வலி என்றேன், ஒரு வாரம் சளி என்றேன், ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சளி என்றேன். இன்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அக்கா. நான் ஏழு முறை வந்தேன். ஏழு முறையும் வாசல் வரை வந்து திரும்பிப் போனேன். ஏன் என்று கேட்கிறாயா? ஏழு முறையும் வாசலில் துண்டு தொங்கியது.

ஹம்மாம் வாசலில் துண்டு தொங்கினால் உள்ளே பெண்கள் குளிக்கிறார்கள், ஆண்வாடை அந்தப் பக்கம் வீசக் கூடாது. இதை இந்த ஊரில் கழுதைக்குக் கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை; விறகு சுமந்து வருகிற கழுதை துண்டைக் கண்டால் தானாகவே பின்வாசலுக்குத் திரும்பும். உன் மகனுக்கு மட்டும் தெரியவில்லை. ஏழாவது மாடியில் வெந்நீர்க் குழாய் வைத்த வீட்டில் வளர்த்தாய் அல்லவா, எப்படித் தெரியும்? ஹோட்டல் நிர்வாகத்தில் பட்டம் வாங்கியிருக்கிறான், கத்தியை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்று நாலு வருஷம் படித்திருக்கிறான், வாசலில் எதைத் தொங்கவிடலாம் எதைத் தொங்கவிடக் கூடாது என்று ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை போலும். என் விஷயம்தான் உனக்குத் தெரியுமே. நம் அம்மா என்னைப் பெண்கள் நேரத்தில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். ஏழு வயசில் ஒரு நாள் வாசல்காரி என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, “இவன் பார்வை சரியில்ல, அடுத்த தடவை இவங்க அப்பனோட அனுப்பு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னாளே. நீ விழுந்து விழுந்து சிரித்தாயே. அன்றையிலிருந்து துண்டு தொங்குகிற வாசலை நான் தாண்டியதில்லை. முப்பத்தோரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவன் நான். இந்த நகரத்தில் நான் நுழையாத வீடு கிடையாது. ஆனால் துண்டைக் கண்டால் மீட்டராவது மண்ணாங்கட்டியாவது, போன மாதக் கணக்கையே எழுதிக்கொண்டு போய்விடுவேன்.

இது ஹோட்டல்தானே என்பாய். தெரியும். உன் மகன் அதில் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்திருக்கிறான், நான்தான் ஒவ்வொரு முறையும் தப்பான நேரத்துக்கு வந்து தொலைக்கிறேன் என்று நினைத்தேன். ஒரு முறை போன் போட்டு, “எப்பப்பா வரலாம்?” என்று கேட்டேன். “எப்ப வேணும்னாலும் வாங்க மாமா!” என்றான். சீச்சீ, பிள்ளை இப்படிக் கெட்டுப்போய்விட்டானே என்று அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சளி பிடித்தது.

இப்படி நான் பாட்டுக்கு மானத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தவனை அந்த வாசலுக்கு இழுத்துவந்து நிறுத்தியது யார்? தாங்கள்தான். யமீனாவும் அந்தப் பையன் அனீஸும் கல்லூரியிலிருந்தே ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். இரண்டு அப்பாக்களும் உட்கார்ந்து கையை ஏந்தி ஃபாத்திஹா ஓதிவிட்டால் நிச்சயம் முடிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பையன் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறான், ஏறினால் இரண்டு வருஷம். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இருக்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், ஜலீலா கோதுமை ரவையை அவித்துக் கூஸ்கூஸ் செய்வாள் என்றேன். நீ போனில் என்ன சொன்னாய்? “பாவம் அவள ஏன்டா அடுப்புல வேக வைக்கிற? நம்ம புள்ள கடை எதுக்கு இருக்கு?” ஜலீலாவும் உடனே, “ஆமா, அங்கயே வெச்சுக்கலாம், நான் ரவூஃப்கிட்ட பேசிட்டேன்” என்றாள். எப்போது பேசினாள், எங்கே பேசினாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்காவும் பெண்டாட்டியும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனால் ஆண்பிள்ளை அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அனீஸின் அப்பா ஸீ தய்யிப்பை நீ பார்த்ததில்லை. நாற்பது வருஷம் நிக்காஹ் பத்திரம் எழுதியவர், ‘ஸீ’ என்ற மரியாதை இல்லாமல் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். எழுபத்திரண்டு வயசு, சிவப்புத் தொப்பி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. சிரிப்பதற்குக் கூட இரண்டு சாட்சி வேண்டும் என்கிற ஆள். பெண்கள், அதாவது ஜலீலா, யமீனா, சம்பந்தியம்மா மூன்று பேரும் பதினோரு மணிக்கே உள்ளே போய்விட்டார்கள். நானும் ஸீ தய்யிப்பும் அனீஸும் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, கையில் ஒரு பெரிய பெட்டி பாதாம் இனிப்போடு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி சந்துக்குள் நுழைந்தோம். வாசலைப் பார்த்தேன். துண்டு தொங்குகிறது! அதுவும் நான் ஏழு முறை பார்த்த பழைய துண்டு இல்லை. புத்தம் புதுசு, பட்டுக்கரை, குஞ்சம் வேறு. சாதாரணத் துண்டு தொங்கினாலே சாதாரணப் பெண்கள். இப்படித் தொங்கினால் உள்ளே யாரோ கல்யாணப் பெண்ணைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஸீ தய்யிப் சட்டென்று நின்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஸீ ஷாதிலி, பெண்கள் நேரம்.”

“ஆமாங்க.”

“பத்து நிமிஷத்துல இறக்கிடுவாங்க. காத்திருப்போம்.”

“காத்திருப்போங்க.”

அனீஸ் மட்டும், “அப்பா, இது ஹோட்டல்ப்பா” என்றான். “ஹோட்டல்னா துண்டு எதுக்கு?” என்று கேட்டார் ஸீ தய்யிப். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையன் ஒரு அடி எடுத்து வைத்தான். “டேய், நீ பொறந்தப்ப உன் காதுல பாங்கு சொன்னவன் நான். அந்தத் துணியைத் தொட்டே, நீ என் புள்ள இல்ல.” பையன் எடுத்த அடியைத் திருப்பி வைத்துக்கொண்டான்.

எதிரே கமாயிஸ் கடை. கொண்டைக்கடலையை வேகவைத்துப் பழைய ரொட்டித் துண்டுகள் மேல் ஊற்றித் தருகிறானே, அதே கமாயிஸ். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். அவனிடம் கேட்டேன், எப்போது இறக்குவார்கள் என்று. “இறக்குறதா? ஸீ ஷாதிலி, மூணு மாசமா அந்தத் துண்டு இறங்கவே இல்ல. இத்தனை நேரம் குளிக்கிற பொம்பளைங்கள நான் பாத்ததே இல்ல. காலைல போறாங்க, சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வர்றாங்க. அதுவும் என்ன அதிசயம்னா, போன மாதிரியே காய்ஞ்ச தலையோட வர்றாங்க. உள்ளேருந்து பூண்டு வாசனை வேற. புது சோப்பு போல.” முடி வெட்டுகிற மஹ்ரெஸ் தன் கடை வாசலிலிருந்தே, “எங்க வீட்டுக்காரியும் அந்த சோப்புதான் போட்டுட்டு வர்றா, கொஞ்சம் எலுமிச்சையும் அடிக்குது” என்றான். மேலே அரை ஆள் உயரத்துக்குப் பலகை மாட்டியிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டேன். துண்டு தொங்கும்போது தலை நிமிர்ந்து பலகை படிக்கிறவன் என்ன மனுஷன் என்று இரண்டு பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். நியாயம்தான். நானும் அன்றுதான் படித்தேன்.

போன் இல்லையா என்பாய். அந்தச் சுவர் இரண்டு முழக் கனம். வெந்நீர் ஆவி வெளியே போகக் கூடாது என்று அந்தக் காலத்து பாஷா கட்டினான், இப்போது போன் உள்ளே போகவில்லை. ஜலீலாவுக்கு ஒன்பது தடவை, உன் மகனுக்குப் பதினோரு தடவை. கடைசியில் உள்ளே போகிற பெண்களிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துக்கொண்டே துண்டுக்குள் புகுந்துவிடுகிறார்கள். கூடையோடு வந்த ஒரு அம்மாவிடம் மட்டும், தரையைப் பார்த்தபடியே, “உள்ள ஜலீலான்னு இருக்காங்க, நாங்க வெளிய நிக்கிறோம்னு சொல்லுங்க” என்றேன். சொல்கிறேன் என்று போனாள். ஜலீலா என்ற பேரை உள்ளே போவதற்குள் மறந்துவிட்டாள். மீதியை மறக்காமல் சொல்லியிருக்கிறாள். “வெளிய ரெண்டு கிழவனுங்க துண்டையே பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க.” எப்படி இருக்கிறது பார், அக்கா! ஒரு மணி நேரமாகத் துண்டைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. கிடைத்த பட்டம், துண்டையே பார்க்கிற கிழவன்.

உள்ளே நாற்பது பெண்களும் கொதித்து எழுந்து, ரவூஃபிடம் போய், அந்தக் கிழவர்களை நாலு சாத்து சாத்தி அனுப்பு என்றிருக்கிறார்கள். அவனும் கையில் கரண்டியோடு வீராவேசமாகத் துண்டை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். இப்போது இந்தப் பக்கத்திலிருந்து பார். பெண்கள் நேரம். பட்டுக்கரைத் துண்டு. அதற்குள்ளிருந்து இருபத்தெட்டு வயசுத் தடியன் ஒருத்தன், வேர்த்து விறுவிறுத்து, இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறான்.

“வெட்கமா இல்ல உங்களுக்கு? பொம்பளைங்க இருக்கிற எடத்துல...” என்று ஆரம்பித்தான்.

“எனக்கா? எனக்கா வெட்கம்? நீ எங்கருந்துடா வர்றே, அயோக்கியப் பயலே!” என்றார் ஸீ தய்யிப். வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி இறங்கியது.

அதன் பிறகு நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. கமாயிஸ் ஓடி வந்தான், மஹ்ரெஸ் கத்தரிக்கோலை வைத்துவிட்டு (நல்லவேளை வைத்துவிட்டு) வந்தான். மூன்று மாதமாக எங்கள் பெண்கள் குளிக்கிற இடத்தில் ஒரு ஆண் இருந்திருக்கிறான் என்றால் சந்துக்காரனுக்கு ரத்தம் கொதிக்காதா? முதல் அடி நான் அடித்ததாக உன் மகன் உன்னிடம் சொல்லியிருக்கிறானாம். பொய். முதல் அடி ஸீ தய்யிப். நான் இரண்டாவது. அதுவும் கையால் இல்லை, இனிப்புப் பெட்டியால். நாலு கிலோ பாதாம் இனிப்பு. “மாமா?” என்றான். அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் மூன்றாவது அடியும் போய்விட்டது, நான் என்ன செய்ய, கை இறங்கிக்கொண்டிருந்தது.

எல்லோரும் விலகி நின்று, இனிப்பைப் பூனைகள் தின்ன ஆரம்பித்த பிறகு, ஏன்டா துண்டைத் தொங்கவிட்டாய் என்று கேட்டேன். “அலங்காரம் மாமா. வாசல்ல ஒரு ஹம்மாம் துண்டு தொங்கட்டும், பழைய களை வரும், கூட்டமும் வரும்னு சொன்னாங்க. கூட்டம் வந்துச்சு. ஆனா ஏன் ஒரு ஆம்பள கூட வரமாட்டேங்கிறான்னுதான் மூணு மாசமா யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மெனுவுல ஆட்டுத்தலை கூட சேர்த்தேன். இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு புதுத் துண்டு வாங்கி மாட்டினேன்.” யாருடா அந்த யோசனையைச் சொன்ன மேதாவி என்றால், வாயைத் திறக்காமல் வீங்கின கண்ணைத் தடவிக்கொண்டே, “பெரியவங்க” என்கிறான். அந்தப் பெரியவங்க யாராக இருந்தாலும் சரி, அக்கா, அவன் வீட்டு அடுப்பில் பூனை தூங்கட்டும், அவன் பல்லெல்லாம் விழுந்து ஒரு பல் மட்டும் வலிப்பதற்கு மிஞ்சட்டும் என்று அங்கேயே நின்று சபித்தேன். இன்றும் சபிக்கிறேன்.

இதோடு விட்டிருந்தால் கூட ஸீ தய்யிப்பைச் சமாதானம் செய்திருப்பேன். உன் மகன் படித்தவன் ஆயிற்றே, விடுவானா? துண்டை ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்துவிட்டு, “பாருங்க, வெறும் ஹோட்டல்! வாங்க, வாங்க!” என்று ஸீ தய்யிப்பின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டான். துண்டு வாசலில் இருக்கிற தைரியத்தில் உள்ளே நாற்பது பெண்களும் அவரவர் வீட்டில் இருப்பது போல இருந்திருக்கிறார்கள். ஒருத்திக்குத் தலை முழுக்க மருதாணி, ஒருத்தி காலைத் தூக்கி மேஜை மேல் வைத்திருக்கிறாள், முக்காடு ஒன்று கூட இல்லை. நடு மண்டபத்துக் கல்மேடை இருக்கிறதே, என்னைத் தோல் உரியத் தேய்த்த அதே கல், அதன் மேல் இப்போது மீன் கூஸ்கூஸ் தட்டுகள். அதைச் சுற்றி ஒரு கூட்டம் தாளம் தட்ட, நடுவில் இடுப்பில் துணி கட்டிக்கொண்டு ஒரு அம்மாள் பாடி ஆடிக்கொண்டிருக்கிறாள். அது யார் என்கிறாய்? சம்பந்தியம்மா! நாற்பது வருஷத்தில் அவள் உரக்கத் தும்மிக்கூடக் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஸீ தய்யிப்.

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். கும்மட்டத்துக்குக் கீழே ஒரு அலறல் ஏழாகக் கேட்கும். கணக்கு நீயே போட்டுக்கொள். செருப்பு வந்தது, ரொட்டி வந்தது, அலங்காரத்துக்கென்று உன் மகன் சுவரில் மாட்டியிருந்த பழைய மரக்கட்டைச் செருப்பும் வந்தது. அது ஸீ தய்யிப்பின் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. மனிதர் வெறுந்தலையோடு சந்தில் இறங்கி, யாரையும் பார்க்காமல், திரும்பியும் பார்க்காமல் போய்விட்டார். அனீஸ் பின்னாலேயே ஓடினான். அன்று அஸருக்குப் பிறகு போன் வந்தது. “நாற்பது வீட்டுப் பெண்களை முக்காடில்லாம பாத்த பாவத்தை என் தலையில ஏத்தி வெச்ச குடும்பம் உங்களது. அதுல நான் சம்பந்தம் வெச்சுக்க மாட்டேன், ஸீ ஷாதிலி. மன்னிச்சுக்குங்க.” அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அன்று அவர் போன பிறகு கடையே காலியாகிவிட்டது. ஆறு பேருக்கு வைத்த மேஜையில் நான் ஒருத்தன். உன் மகன் கண்ணில் ஐஸ் கட்டியை ஒத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தான். முதலில் ஒரு பெரிய தட்டில் ஒரு சின்ன ஆக்டோபஸ், தன்னந்தனியாக, என்னை மாதிரியே. அப்புறம் மீன் கூஸ்கூஸ். நன்றாக இருந்தது என்று என் வாயால் சொல்ல மாட்டேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன், அவ்வளவுதான், பசிக்குச் சாப்பிட்டேன். அந்தக் கும்மட்டத்துக்குக் கீழே மென்றால் மெல்லுகிற சத்தம் கூட ஊரே மெல்லுவது போலக் கேட்கிறது. பக்கத்து அறையில் ஜலீலாவும் யமீனாவும் இருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். மெதுவாகத்தான் பேசினாள், அம்மாவின் காதுக்கு மட்டும் சொன்னாள். கும்மட்டம் அதை எடுத்துக்கொண்டு வந்து என் காதில் போட்டது. “அப்பாவால எனக்காக ஒரு துணியைத் தாண்ட முடியலம்மா. ஒரு மணி நேரம் வெளிய நின்னாரும்மா. ஒரே ஒரு துணி.”

அக்கா, தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் செருப்பில்லாமல் ஓடியது உனக்குத் தெரியும். அவளுக்காக எதையும் தாண்டுவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது துணி என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை; அது சுவர் என்றே இந்த உடம்பு நினைத்துவிட்டது. இரண்டு நாளாக அவள் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், உப்பை நகர்த்தி வைக்கிறாள், பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை பையன் போய்விடுவான்.

ஆகவே தாங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது என்னவென்றால், அந்தத் துண்டைக் கொளுத்தச் சொல்லி ரவூஃபுக்கு உத்தரவு போடுங்கள். அவனை ஸீ தய்யிப்பின் காலில் விழச் சொல்லுங்கள். அந்த மேதாவியின் பேரை அவன் வாயிலிருந்து பிடுங்கி எனக்கு எழுதுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். இது நடக்கும் வரை ‘மூன்று கும்மட்டத்தின்’ வாசற்படியை இந்த ஷாதிலி மிதிக்கப் போவதில்லை. தாங்களும் பெருநாளைக்கு என்னை ஸூஸில் எதிர்பார்க்க வேண்டாம்.

மச்சானுக்கு என் ஸலாம். மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொல்லவும். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், தங்கள் மகனுக்குக் கொஞ்சம் புத்தியையும் தந்தருள்வானாக. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரண்டாவதைக் கேட்டு துஆ செய்யவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைக் கேட்டுச் சந்தியில் நிற்கும் தம்பி,
ஷாதிலி.

பின்குறிப்பு: வியாழக்கிழமை, கமாயிஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். காகிதத்தில் இருப்பது கடலைச் சாறு, கண்ணீர் இல்லை. அக்கா, மேலே உள்ளதில் தேதியையும் ஸலாமையும் மட்டும் எடுத்துக்கொள், மற்றதை விட்டுவிடு. காலையில் உறையை ஒட்டிவிட்டுத் தபால்தலை வாங்கத்தான் போனேன். திரும்பி வந்தால் என் வீட்டு வாசலில் பட்டுக்கரைத் துண்டு தொங்குகிறது! என் வீட்டில்! உள்ளே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்று கூடத் தெரியாது. கேட்கலாம் என்றால் துண்டு தொங்குகிற கதவை எப்படித் தட்டுவது? போக இடம் இல்லாமல் இங்கே வந்தால், இந்த ஸ்டூலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஸீ தய்யிப், சவரம் செய்யாத முகத்தோடு, கடலை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

“உங்க வீட்லயுமா?” என்றார்.

“இப்பத்தாங்க. உங்க வீட்ல?”

“திங்கட்கிழமையிலருந்து. தம்பி வீட்டுல படுத்துக்கிறேன்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சாப்பிட்டோம். பிறகு அவர், “நீங்க ஏழு தடவை வந்து திரும்பிப் போனீங்களாமே, கமாயிஸ் சொல்றான். சொந்த அக்கா மகன் கடை. ஹோட்டல்னு தெரியும். அப்பவுமா?” என்று கேட்டார். “அப்பவும்தாங்க” என்றேன். “உள்ள யாருன்னே தெரியாம?” “தெரியாமத்தாங்க.” கிண்ணத்தைக் கீழே வைத்தார். “இந்தக் காலத்துல இப்படி ஒரு முட்டாள் இருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன். கையை ஏந்துங்க, ஸீ ஷாதிலி.” ஏந்தினேன். கமாயிஸும் மஹ்ரெஸும் சாட்சி. ஃபாத்திஹா ஓதி முகத்தைத் தடவினோம், அக்கா. நடுவில் அவர் மூக்கை உறிஞ்சினார், காரம் என்றார்.

ஆமீன் சொல்லி வாய் மூடவில்லை, எதிரே ‘மூன்று கும்மட்டத்திலிருந்து’ நாற்பது பெண்கள் குலவை! ஏழு மடங்கு! காலையிலிருந்து எல்லோரும் அங்கேதான் இருந்திருக்கிறார்கள், கம்பி ஜன்னலில் எங்களையே பார்த்துக்கொண்டு. வாசலில் மறுபடி மாட்டியிருந்த துண்டுக்குப் பின்னாலிருந்து ஜலீலா கத்தினாள், முதல் நாளே ரவூஃபிடம் அதைத் தொங்கவிடச் சொன்ன பெரியவங்க அவள்தானாம். எங்கள் இரண்டு பேரையும் இந்த ஸ்டூலுக்கு விரட்டத்தான் இரண்டு வீட்டு வாசலிலும் துண்டு மாட்டினார்களாம். “இந்தச் சந்துல உங்களுக்கெல்லாம் பதிமூணு காபிக்கடை இருக்கு, எங்களுக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா?” என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கச் சொல்ல மறந்துவிட்டாளாம். மூன்று மாதமாக வாரம் மூன்று முறை பல் டாக்டரிடம் போய்வந்தாளே, அந்தப் பல் டாக்டர் உன் மகன்தான். நான் விட்ட சாபத்தையெல்லாம் தயவு செய்து உடனே துஆ செய்து ரத்து பண்ணு. அதெல்லாம் என் வீட்டு அடுப்பு.

சரி, இனி உள்ளே போய்ச் சாப்பிடலாம் என்று நானும் ஸீ தய்யிப்பும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டோம். “எங்க வர்றீங்க? நாங்க இன்னும் முடிக்கல, அங்கயே இருங்க” என்கிறாள் ஜலீலா. உட்கார்ந்துவிட்டோம். அப்போது துண்டின் ஓரம் விலகி ஒரு கை மட்டும் வெளியே நீண்டது, ஒரு தட்டு மீன் கூஸ்கூஸோடு. என் பிள்ளை கையை எனக்குத் தெரியாதா? ஓடிப்போய்த் தட்டை வாங்கினேன். அந்தக் கை உள்ளே போகவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டது. “அப்பா, சூடா இருக்கு, பாத்து சாப்பிடுங்க” என்றாள். நாலு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. நான் அந்தத் துணியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அக்கா, மஹ்ரெஸ் பார்க்கட்டும் என்று அழுதேன். ரவூஃபுக்கு நீ ஒன்றும் எழுத வேண்டாம். துண்டு அங்கேயே தொங்கட்டும்.